புத்தக ரயிலில் அம்மா

1934 ஜூலை 7, சனிக்கிழமை. காலை வழக்கம்போலவே நடந்தது. அப்பா பாயில் உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படித்தார். அம்மா வெங்காயம் உரித்தபடி கேட்டாள். எதைப் படிப்பது, எதை விடுவது என்பது அப்பாவின் முடிவு. ரயில்வே பட்டறைச் சங்கு ஊதியதும் அவர் கிளம்பினார். பிறகு நான் அம்மாவுக்கு எதிரே அமர்ந்து, வரிக்கு வரி விரல் வைத்து, என் பாடத்தை வாசித்தேன்.

அன்று மாலை, ரயில்வேக்காரர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில், எங்கள் தமிழ்ப் பள்ளியில் வாசிப்பு விழா. நூலகம் என்பது ஓர் அலமாரிதான். அதற்கு விழா எடுக்க டீச்சர் பல யோசனைகள் சொல்லியிருந்தார்: கதையில் வரும் ராஜாவாக வேடமிடலாம், போர்வையில் கூடாரம் கட்டி உள்ளே படிக்கலாம். எங்கள் அப்பாமார் எல்லாரும் ரயில்வேக்காரர்கள் என்பதால் நாங்கள் புத்தக ரயிலைத் தேர்ந்தெடுத்தோம். பெஞ்சுகள்தான் பெட்டிகள். அலமாரிப் புத்தகத்தில் ஒரு வரி வாசிப்பதே டிக்கெட். பரிசோதகர் நான். அப்பாவின் பழைய தொப்பி என் கண்வரை இறங்கியிருந்தது.

அப்பா வாசித்து ஏறினார். எழுத்தறியாத அம்மாமார் பாயில் அமர்ந்து வேடிக்கை பார்த்தார்கள். என் அம்மா மட்டும் வரிசையில் வந்து நின்றாள்.

“நீ எங்க வர்ற? பாயில போய் உக்காரு,” என்றார் அப்பா.

“படிக்காதவங்க ஏறக்கூடாதும்மா,” என்றேன் நானும். சட்டம் சட்டம்தான்.

“புத்தகத்தக் குடுடி.”

கொடுத்தேன். அவள் அதைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டாள்.

“ஏ தங்கச்சி, உன் ரயிலு குடை சாஞ்சிருச்சே!” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா, அம்மாவிடம். பாய் முழுவதும் சிரித்தது. அப்பா தலை குனிந்துகொண்டார். எனக்குத் தொப்பிக்குள் வியர்த்தது.

அம்மா விரல் வைத்தாள். “அரசி... கதவைத் திறந்தபோது... அங்கே ஒருவரும் இல்லை.”

சிரிப்பு அறுந்து நின்றது. நான் ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுபோகாத புத்தகம் அது. கேட்டு மனப்பாடம் செய்திருக்க வழியில்லை. டீச்சர் எட்டிப் பார்த்து, வரி சரிதான் என்று தலையசைத்தார். அப்பா பெட்டியிலிருந்து எழுந்தே விட்டார். வழிவிட வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அம்மாதான் என் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு ஏறினாள்.

திரும்பும் வழியில், வீடு தெரியத் தொடங்கியதும் அப்பா அம்மாவிடம் கேட்டார்.

“எப்படி?”

“இவ எதுத்தாப்பில உக்காந்து படிக்கிறப்பப் பாத்துப் பாத்து.”

“அப்ப பேப்பர்ல நான் படிக்காம விடுறதெல்லாம்?”

“நீங்க போனப்புறம் படிச்சிருவேன்.”

அப்பா விறுவிறுவென்று முன்னால் நடந்தார். விடிந்ததும் வீட்டில் பெரிய சண்டை என்று நிச்சயித்துக்கொண்டு படுத்தேன். புத்தகத்தை அம்மா திருப்பியது விளையாட்டுக்குத்தான் என்றும் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை அப்பா செய்த முதல் வேலை, செய்தித்தாளை அம்மாவின் முன் தலைகீழாக விரித்து வைத்தது. கவனிக்காமல் வைத்துவிட்டார் என்று நான் அதை நேராகத் திருப்பப் போனேன். இருவரும் ஒரே சமயத்தில் என் கையைப் பிடித்தார்கள்.