கைக்கு மட்டும் தெரிந்த நட்டு

இரண்டு வருடத்துக்கு முந்தைய தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டு வாசலில், எங்களுடைய பழைய டீசல் கார் முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் அடியில் சாக்கு விரித்து நான் படுத்திருந்தேன். மேலே, திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு என் மனைவி.

வண்டியில் கெட்டுப்போனது ஒரே ஒரு பாகம். இன்ஜின் கக்குகிற சூடான புகையை வாங்கி டர்போவுக்குள் தள்ளும் இரும்புக் குழாய், மேனிஃபோல்டு என்பார்கள். அதில் விரிசல். மேடு ஏறினால் டிக் டிக்கென்று அடித்துக்கொள்ளும், புகை எங்கள் மூக்குக்கே வரும். கம்பெனிப் பாகம் கிடைக்காமல், பெங்களூரில் வெளியில் செய்து விற்கிற ஒன்றை வாங்கி வந்திருந்தேன். பழையது அடக்கமான வார்ப்பிரும்பு. புதியதோ வளைத்து வளைத்துப் பற்றவைத்த தடித்த குழாய்கள், முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்குகிற ஏதோ ஒரு மிருகம் மாதிரி. இன்ஜினுக்கும் அதற்குப் பின்னால் இருக்கிற தகரச் சுவருக்கும் நடுவில் ஒரு கை மட்டும் போகிற சந்து. அதற்குள் இதை இறக்க வேண்டும்.

"அண்ணா, இன்ஜின இறக்காம இது உள்ள போவாது. அடுத்த வாரம் வாங்க" என்றார் மெக்கானிக்.

எனக்கு அடுத்த வாரம் என்று ஒன்று இல்லை. என் மனைவிக்கு பெங்களூரில் வேலை. எங்கள் ஊர் ரயில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். இருட்டில் போவாள், இருட்டில் வருவாள். ரயிலில் நின்றுகொண்டே தூங்கிப் பழகிவிட்டாள். அங்கேயே ஒரு ஹாஸ்டலில் தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் ஹாஸ்டலுக்குப் பதில் சொல்ல வேண்டும். கார் ஓடினால் தினமும் பங்காருப்பேட்டை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடலாம், அங்கே ரயில்கள் நிறைய, நிதானமாக எழுந்து கிளம்பலாம். பனியில் பைக்கில் போனால் அவளுக்கு இளைப்பு வரும். ஆக, அவள் வீட்டில் இருப்பதும் இல்லாததும் அந்தச் சந்தில் இருக்கிறது என்று நான் நம்பினேன்.

"மேனிஃபோல்டு மாட்டுறதா, என்னைக் கட்டிப் போடுறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

பக்கத்து லைன் வீடுகளில் ஏதோ கல்யாணம். ஸ்பீக்கர் போட்ட போட்டில் நான் கத்துவது அவளுக்குக் கேட்கவில்லை, அவள் திட்டுவது எனக்குக் கேட்கவில்லை. அதனால் ஸ்பேனரால் தட்டிக்கொண்டோம். எங்கள் ஊரில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுரங்கத்தில் ஆட்களைக் கொண்டுபோகிற கூண்டு, அந்தக் கேஜை ஏற்றவும் இறக்கவும் அடித்த மணிக் கணக்கு எல்லா வீட்டுக்குள்ளும் கிடக்கும். ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் இறக்கு. என் அப்பா அந்தக் கேஜில் இறங்கியவர். அவள் அப்பா மேலே இன்ஜின் அறையில் மணியைக் கேட்டுக் கேஜை ஓட்டியவர்.

நான் இரண்டு தட்டினேன். இறக்கினாள். பாதி வழியில் ஏதோ கம்பியில் மாட்டி நின்றது. எங்கே தட்டுகிறது என்று பார்க்க விரலைச் சந்துக்குள் விட்டேன். அசைக்காதே என்பதற்காக ஒன்று தட்டினேன்.

அவள் மேலே தூக்கினாள்.

என் விரல் தோல் உரிந்து குழாயோடு போனது. நான் போட்ட சத்தம் ஸ்பீக்கரையும் தாண்டியது. அவள் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"ஒண்ணுன்னா நில்லுன்னுதானம்மே அர்த்தம்?"

"ஓடிக்கினு இருந்தா நில்லு. நின்னுக்கினு இருந்தா மேல தூக்கு. அது அப்பவே நின்னுக்கினுதான இருந்துச்சி? டிரைவர் பொண்ணு கிட்ட மணி சொல்லித்தர வந்துட்டாரு."

அவள் சொன்னதுதான் சரி. இறங்கிப் போனவர் வீட்டில் வளர்ந்த எனக்கு ஒன்று என்றால் நிற்பது மட்டும்தான். சிரிக்கவும் முடியாமல் விரலைச் சப்பிக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். அவள் தூக்கிய தூக்கில் மேனிஃபோல்டு அந்தக் கம்பியிலிருந்து விடுபட்டு, திரும்ப இறங்கி, போல்ட்டுகளில் போய் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

மிச்சம், பின்பக்கத்தில் ஒரு நட்டு. மேலிருந்தும் தெரியாது, கீழிருந்தும் தெரியாது. என் கை தடிமன். அவள் மேலிருந்து நட்டைக் கொண்டுவர, நான் கீழிருந்து ஒற்றை விரலால் போல்ட்டின் முனையைத் தொட்டு இடம் காட்டினேன். எண்ணெய்ப் பிசுக்கு. இருட்டு. தடவிக்கொண்டே வந்த அவளுடைய விரல் என் விரல்மேல் வந்து நின்றது.

உடனே எடுக்கவில்லை அவள். எப்போது கடைசியாக இந்தக் கையைப் பிடித்தேன்? யோசித்துப் பார்த்தேன், ஞாபகத்தில் வரவில்லை. டிபன் பாக்ஸ் கொடுக்கும்போது பட்டிருக்கும், சாவி வாங்கும்போது பட்டிருக்கும். மேலே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. தங்கம் எடுத்தபின் கொட்டிவைத்த சயனைடு மண்மேட்டிலிருந்து வந்த காற்று என் கண்ணில் மண்ணைப் போட்டது. நான் விரலை அசைக்காமல் கிடந்தேன். பிறகு அவள் விரல் நகர்ந்து, நட்டைப் போல்ட்டில் வைத்து, மெல்லத் திருப்பத் தொடங்கியது.

டர்போவைப் பூட்டி முடித்து, சாயங்காலம் சாவியைத் திருப்பினேன். டிக் டிக் இல்லை. புகை இல்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் டர்போவின் மெல்லிய விசில் மட்டும். நாளைக்கே பங்காருப்பேட்டை என்றேன்.

மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஹாஸ்டலுக்கு வரேன்னு வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேங்க."

"அப்பறம் எதுக்கு மத்தியானம் பூரா இதுல கைய வச்சிக்கினு நின்னே?"

"நீங்க கூப்பிட்டீங்க." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நல்லா தூங்கணும்ங்க எனக்கு. அவ்ளோதான்" என்றாள்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை அன்றுதான் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

அடுத்த நாள் அதே காரில்தான் அவளையும் பெட்டியையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். வண்டி ஒரு மூச்சுகூட வாங்கவில்லை. இப்போது சனிக்கிழமைதோறும் பங்காருப்பேட்டையில் போய் நிற்கிறேன்; தூக்கம் தெளிந்த முகத்தோடு இறங்கி வருகிறாள், அதைப் பார்க்க எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனாலும் அவளை மறுபடி ரயிலேற்றிவிட்டுத் தனியாகத் திரும்புகிற ஒவ்வொரு முறையும், ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிற அந்த இன்ஜினில் எங்காவது சின்னதாக ஒரு சத்தம் கேட்காதா என்று, ஜன்னலை இறக்கிவிட்டுக் காது கொடுத்துக்கொண்டே வருகிறேன்.