கடைசிக் கப்பலுக்கு இரட்டைச் சைக்கிள்

என்ரை மனுசன் ஒஸ்லோவில் இருபது வருசமாக பஸ் ஓடுகிறார். நாங்கள் இருக்கிற புருசெத்தில் ஆருக்கு எந்தப் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியவேண்டுமென்றாலும் அவருக்குத்தான் போன் வரும். அப்பேர்ப்பட்டவர் போன சித்திரையில் யப்பானில் ஒரு தீவில் பஸ்ஸைத் தவறவிட்டார். அதுவும் கால்மணித்தியாலம் முந்திப் போய் நின்று!

நோர்வேயில் வாகனம் வலப்பக்கம். யப்பானில் இடப்பக்கம், எங்கள் யாழ்ப்பாணம் மாதிரியே. ஊரில் பிறந்து வளர்ந்தவர், தொழில் பழக்கத்தில் ஒஸ்லோ மாதிரி றோட்டின் வலக்கரையில் போய் நின்றுவிட்டார். நானும் நம்பி நின்றேன். துறைமுகத்துக்குப் போகிற பஸ் றோட்டின் மற்றக் கரையால் வந்தது. நான் கை காட்ட, ஓட்டுநர் மரியாதையாய்த் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்," என்றேன்.

"பகிடியை விட்டிட்டு அடுத்த பஸ்ஸைப் பாரும்."

அடுத்த பஸ் ஐந்து மணிக்கு. தீவை விட்டுப் போகிற கடைசிக் கப்பல் நாலு மணிக்கு. அதை விட்டால் விடிய ஒசாகாவில் எங்கள் பிளேனும் இல்லை. துறைமுகம் ஏழு கிலோமீற்றர். டாக்சி என்ற பேச்சே அங்கே கிடையாது.

பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் ஒரு வாடகைச் சைக்கிள் கடை. எடுத்த சைக்கிளைத் துறைமுகத்துக் கிளையில் விடலாமாம். ஆனால் எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. சின்னனில் ஒருக்கா விழுந்து முழங்கால் கிழிந்ததோடு விட்டது.

"கரியரிலை ஏறும், டபிள் ஏத்திக்கொண்டு போறன்," என்றார் மனுசன். அவர் கரியரைத் தட்டிக் காட்டியதில் கடைக்கார அம்மா விளங்கிக்கொண்டு இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினா. கூடாதாம். பிறகு உள்ளே போய் இரண்டு சீட்டு, இரண்டு சோடி மிதி வைத்த ஒரு நீளச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தா. மனுசன் முன்னுக்கு, நான் பின்னுக்கு. எனக்கு முன்னால் தெரிந்தது அவருடைய முதுகு மட்டும்.

முதல் மேட்டில் அவருக்கு மூச்சு இரைத்தது.

"இஞ்சேரும், மிதிக்கிறீரோ?"

"ஓம் ஓம்." என்ரை கால் இரண்டும் காற்றில் நின்றன.

"பொய் சொல்லாதையும்! சைக்கிளுக்குத் தெரியும்."

மேடு முடிய இறக்கம். இரண்டு பக்கமும் ஆரஞ்சுப் பழம் தொங்குகிற தோடை மரங்கள், கீழே கடல். நான் கண்ணை இறுக்கி மூடி நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டேன். அரைவாசியில் கண்ணைத் திறந்தேன். முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு? கத்தின கத்தல் எந்த இடத்தில் சிரிப்பாய் மாறியது என்று இன்றைக்கும் தெரியாது. தோட்டத்தில் நின்ற ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். நான் ஒரு கையை விட்டு அவருக்குக் காட்ட, சைக்கிள் பாம்பாய் நெளிந்தது.

"ஹாண்டிலைப் பிடியும், விசரி!"

"நீங்கள் றோட்டைப் பாருங்கோ!"

அதற்குப் பிறகு உண்மையாகவே மிதித்தேன். அடுத்த மேட்டில் மனுசன் சீட்டியடித்தார்.

துறைமுகத்தில் கப்பல் நின்றது. ஆட்கள் அப்போதுதான் வரிசையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். மனுசன் இறங்கிவிட்டார். நான் சீட்டை விட்டு இறங்கவில்லை.

"இன்னும் இருபது நிமிசம் கிடக்கு," என்றேன். "கரையோரமாய் ஒரு சுத்து."

"உமக்கென்ன பைத்தியமே? கப்பலை விட்டால்?"

"இந்தமுறை நாங்கள் நிக்கிற கரையிலைதான் கப்பலும் நிக்குது. ஏறுங்கோ."

அவர் மணியைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். ஏறினார்.