முழங்காலை மடக்காமல் இறங்கியவன்

ஐம்பத்திரண்டு வயதில் நான் பறந்தேன். மிஞ்சிப்போனால் ஒரு விநாடி இருக்கும்.

கனடாவில், மார்க்கம் நகரில் இருக்கும் எங்கள் அலுவலகக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை பனியில் சறுக்கி விளையாட ஸ்கீ மலைக்குப் போவார்கள். நான் வழக்கமாக அடிவாரத்தில் சூடான சொக்லேட் குடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். அந்த முறை போவதற்கு முதல் வாரம் முழுக்கத் தொலைக்காட்சியில் ஸ்கீ ஜம்பிங் பார்த்திருந்தேன். நூறு மீற்றருக்கு மேல் பறந்து வந்து, ஒன்றுமே நடக்காததுபோல இறங்கினார்கள். மலையில் எனக்கு முன்னால் இருந்ததோ இடுப்பளவு பனிமேடு. இதென்ன பெரிய விசயம் என்று நினைத்து, நானும் ஸ்கீயை மாட்டிக்கொண்டு அதை நோக்கிச் சறுக்கினேன்.

மேடு என்னைத் தூக்கி எறிந்தது. பயத்தில் பின்னால் சாய்ந்து, கால்களைக் கம்பிபோல் நீட்டிக்கொண்டு சமதரையில் வந்து விழுந்தேன். வலது முழங்காலுக்குள் டக் என்றது.

மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"என்னப்பா, நீங்கள் சொக்லேட் குடிக்கவெல்லோ போனனீங்கள்?"

முழங்காலுக்குள் இருக்கும் சவ்வு ஒன்று அறுந்திருந்தது. சத்திரசிகிச்சை முடிந்து, அஜின்கோர்ட் என்ற இடத்தில், பயிற்சி கொடுத்துக் காலைத் தேற்றும் ஒரு பிசியோவிடம் போனேன். இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். பள்ளிக்கூடக் காலத்தில் ஸ்கீ ஜம்பிங் பழகியவளாம். தன் போனில் ஸ்கீ ஜம்பிங் வீரர்கள் இறங்கும் வீடியோ ஒன்றை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள்.

"பாருங்கோ அங்கிள், அவை இறங்கிற இடமும் சரிவுதானே. அதால இடி குறைவு. ஒரு கால் முன்னுக்கு, ரெண்டு முழங்காலும் மடங்கியிருக்கு. நீங்கள் பிளாற்றான தரையில, காலை நீட்டிக்கொண்டு விழுந்திருக்கிறியள்."

"அப்ப அவைக்கு அடிபடாதோ?"

"படும். கனதூரம் பறந்து, சரிவு முடியிற இடத்தில விழுந்தா முழு இடியும் முழங்காலுக்குத்தான். எனக்கு அப்பிடித்தான் நடந்தது." காற்சட்டையை உயர்த்திக் காட்டினாள். எனக்கிருந்த அதே தழும்பு.

சில மாதங்கள் கழித்து, ஒரு சாண் உயரப் பெட்டியில் என்னை ஏற்றிக் குதிக்கச் சொன்னாள். "முழங்காலை மடக்குங்கோ. உள்பக்கம் சாய விடாதேங்கோ. சத்தம் கேக்கக்கூடாது."

பத்து நிமிடம் வியர்த்துக்கொண்டு நின்றேன். கால் அசையவேயில்லை. மூலையில் காத்திருந்த மனைவி எழும்பி வந்தாள். என்னை இறக்கிவிட்டுத் தான் ஏறினாள். குளிர்காலச் சப்பாத்தோடேயே பூனைபோலக் குதித்தாள்.

"இதுக்கோ இவ்வளவு நேரம்?"

"அன்ரி, சூப்பர் லாண்டிங்!" பிசியோ கைதட்டினாள்.

அந்த வெட்கத்திலேயே ஏறிக் குதித்தேன். கட்டிடமே அதிர்ந்திருக்கும். ஆனால் வலிக்கவில்லை. இன்னும் ஒருமுறை குதிக்கலாமா என்று நானாகவே கேட்டேன்.