தங்கையைத் திரும்ப அழைக்கப் போன நான்கு நாள்: கொல்கத்தா

இந்தப் பிப்ரவரியில் நான்கு நாள் கொல்கத்தாவில் இருந்தேன். மலை, அருவி என்று எழுதுகிற இந்த வலைப்பூவில் இது கொஞ்சம் வேறு மாதிரிப் பதிவு. நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தங்கை ஸ்டெல்லாவுக்கு எட்டு மாதப் பெண் குழந்தை இருக்கிறது. அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போவதில்லை என்று அவள் ஃபோனில் சொல்லிவிட்டாள். வீட்டில் பெரிய புயல். "நேர்ல போய்ப் பேசு. அந்த மாப்பிள்ளதான் அவளக் காளி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் மாத்திருப்பான்" என்று அப்பா என்னை அனுப்பினார்.

எங்களுடையது திண்டுக்கல் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கிராமம். பெயர் வேண்டாம். அப்பா பல வருடங்களாகப் பங்குப் பேரவையில், அதாவது கோயில் (தேவாலயத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நிர்வாகக் குழுவில் இருக்கிறார். நானும் ஞாயிறு பூசை தவறாதவன். இதையெல்லாம் எழுதலாமா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "எழுதுண்ணே. என் பேர மட்டும் மாத்திராத" என்றாள்.

சென்னையிலிருந்து சாந்த்ராகாச்சி ஏசி எக்ஸ்பிரஸில் போனேன். சுமார் 1,650 கிலோமீட்டர். முதல் நாள் காலையில் கிளம்பி, மறுநாள் 10.50க்கு இறங்கினேன். இந்த வண்டி ஹவுரா வரை போகாது. ஏழெட்டுக் கிலோமீட்டர் முன்னாலேயே சாந்த்ராகாச்சியில் முடிந்துவிடும். அங்கிருந்து டாலிகஞ்சில் உள்ள ஸ்டெல்லா வீட்டுக்கு டாக்சியில் ஐம்பது நிமிடம், 450 ரூபாய். டிரைவர் 600இல் ஆரம்பித்தார். என் இந்தியைக் கேட்டுப் பரிதாபப்பட்டுத்தான் குறைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஸ்டெல்லாவுக்கு முப்பத்து நான்கு வயது. ஆறு வருடமாக இங்கே ஐடி வேலை. கணவர் சுப்ரதா பள்ளி ஆசிரியர். வீடு இரண்டாவது மாடி. கீழ்வீட்டு அம்மாள் என்னை வாசலிலேயே நிறுத்தி, "ஸ்டெல்லார் தாதா?" என்று கேட்டார். தாதா என்றால் அண்ணன். தலையாட்டினேன். உடனே என் பையை வாங்கப் போனார். கொடுக்காமல் தப்பிக்கப் படாத பாடு பட்டேன்.

வந்த அன்று ஞானஸ்நானப் பேச்சை நான் எடுக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை. "வா, காளிகாட் பாக்கலாம்" என்று அவளே கூப்பிட்டாள். டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம், பத்து ரூபாய். அப்பா சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்குள் ஒரு பதற்றம். ஆனால் காளி கோயில் சந்தில் செம்பருத்தி மாலைக் கடைகளைத் தாண்டிக் குழந்தையோடு நடந்தவள், வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டாள்.

"நீ உள்ள போய்ப் பாத்துட்டு வாண்ணே. நாங்க இங்கயே நிக்கிறோம்."

"ஏன், நீ வரலயா?"

"நான் எதுக்கு? சுப்ரதா வீட்ல பூஜைக்கு வருவாங்க. அவரே உள்ள போறதில்ல. நான் ஒண்ண விட்டு இன்னொண்ணுக்குப் போயிட்டேன்னு அப்பா சொன்னாரா?"

அருகே ஒரு மிட்டாய்க் கடை. புது வெல்லத்தில் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்பு இரண்டு வாங்கி என் கையில் வைத்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கடை ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, வந்த காரியத்தைக் கேட்டேன். "அப்புறம் ஏன் ஸ்டெல்லா?"

"மரியசெல்விய ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. ஸ்டெல்லாவின் வகுப்புத் தோழி. கோயில் பாடகர் குழுவில் இவர்கள் இருவரும்தான் முன்வரிசை. மரியசெல்வி காலனித் தெரு. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர் உண்டு. முன்வாசல் எங்கள் ஆட்களுக்கு, பின்வாசல் காலனிக்காரர்களுக்கு. ஒரே பூசை, ஒரே நற்கருணை. செத்த பிறகு மட்டும் தனித்தனி. பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் மரியசெல்வி காய்ச்சலில் இறந்துபோனாள். பின்வாசல் பாதையில் முழங்கால் தண்ணீர். முன்வாசல் வழியாகச் சவப்பெட்டியை விடச்சொல்லி ஸ்டெல்லா அப்பாவிடம் கெஞ்சினாள். "ஊர் வழக்கம். நான் ஒருத்தன் மாத்த முடியாது" என்றார் அப்பா. முன்வாசலை அடைத்து நின்றவர்களில் அவரும் ஒருவர். பெட்டி தண்ணீருக்குள் போனது. இருபது வயது ஸ்டெல்லா பெட்டியின் ஒரு மூலையில் தோள் கொடுத்துக்கொண்டு கூடவே போனாள். எங்கள் தெருவிலிருந்து போனது அவள் ஒருத்திதான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம பாட நின்னேன், சத்தம் வரல" என்றாள். "உடனே விட்டுறலண்ணே. சென்னையில நாலு வருஷம், இங்க ரெண்டு வருஷம், வேற வேற கோயிலுக்குப் போய்ப் பாத்தேன். நல்ல சாமியார்களும் இருந்தாங்க. ஆனா விசுவாசப் பிரமாணத்துல திருச்சபைய நம்புறேன்னு சொல்ற இடம் வரும்ல? அங்க வந்ததும் வாய் மூடிக்கும். பொய் சொல்லக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவங்கதானே? மனசுல இல்லாதத வாயால சொல்ல முடியல. அதையே ஞானஸ்நானத்துல இவ பேர்ல நான் எப்படிச் சொல்றது?" என்று குழந்தையைக் காட்டினாள்.

சாமி மேல் கோபமா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோவப்படணும்னா இருக்காருன்னு நம்பணுமே. எனக்கு இப்ப அது தெரியல. தெரியலங்கறதத் தெரியலன்னு சொல்லிட்டு இருக்கேன், அவ்வளவுதான்."

வாதாட நிறைய தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். கையில் மிச்சமிருந்த சந்தேஷைத் தின்றேன்.

ஞாயிறு காலை எனக்குப் பூசை நேரம் விசாரித்து வைத்திருந்தது ஸ்டெல்லாதான். ஆட்டோவில் கோயில் வாசல் வரை கூட வந்தாள். உள்ளே வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, எதிர்த்த டீக்கடையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று சொன்னாள்.

உள்ளே நான் எல்லா ஜெபமும் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். ஆனாலும் வெளியே வந்து அவளைப் பார்த்ததும் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருந்தது.

"அன்னைக்கு அந்தக் கல்லறை கேட்ல நானும் நின்னேன் ஸ்டெல்லா. அப்பா பக்கத்துல."

"தெரியும்ண்ணே. பெட்டியத் தூக்கிட்டு உன்னத் தாண்டித்தான் போனேன். நீ கீழ பாத்துட்டு இருந்த."

"அப்ப எனக்கு இருபத்தேழு வயசு. சின்னப் பிள்ளைன்னு சொல்லித் தப்பிக்க முடியாது."

அவள் என் கையை ஒரு தட்டுத் தட்டினாள். டீ ஆறுகிறது என்றாள்.

அங்கிருந்தே அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். "பேசிட்டியா? ஞானஸ்நானம் என்னைக்கு?" என்றார்.

"இல்லப்பா. குடுக்க மாட்டா. மாப்பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல. கோயில விட்டு ஏன் போனேன்னு காரணம் சொன்னா."

அப்பா டி.வி.யை அணைப்பது கேட்டது. பிறகு, "அந்த கேட்டு விஷயம்தான?" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. பதினான்கு வருடமாகத் தெரிந்திருக்கிறது. நான் மேலே ஏதும் சொல்வதற்குள் ஃபோனை வைத்துவிட்டார்.

குடும்ப மதத்தைவிட்டுப் போகிறவர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் மூன்று காரணம்தான் சொல்வார்கள்: கல்யாணம், படிப்புத் திமிர், வெளியூர்ச் சகவாசம். மற்றவர்கள் கதை எனக்குத் தெரியாது. என் தங்கை போனதற்குக் காரணம், ஊரில் கற்றுக்கொடுத்ததை எங்கள் எல்லாரையும்விட நெஞ்சில் ஏற்றிக்கொண்டதுதான். அவள் போனது எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த டீக்கடையில் அவள் பக்கத்தில் நின்றபோது எனக்கிருந்த பெருமை, அவள் முன்வரிசையில் பாடியபோதுகூட இருந்ததில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பிப்ரவரி நல்ல மாதம். ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். சாந்த்ராகாச்சியில் டாக்சி ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். மெட்ரோவில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். புது வெல்ல சந்தேஷ் குளிர்காலம் முடிந்தால் கிடைக்காது. என்னைப் போல யாரையாவது திருத்த என்று போகிறவர்கள், பேசுவதற்கு முன்னால் ஒரு முழு நாளைக் கேட்பதற்கு ஒதுக்குங்கள். திரும்பும் டிக்கெட்டை அவசரப்பட்டுப் போடாதீர்கள்.

ஊர் திரும்பி மூன்றாவது வாரம் பங்குப் பேரவைக் கூட்டம்; ஊரில் யாரும் போகலாம். கல்லறைத் தோட்டச் சுவரை எடுக்க வேண்டும் என்று எழுந்து பேசினேன். முதல் வரிசையில் இருந்த அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "ஒன் தங்கச்சியே கோயில விட்டுப் போயிட்டா. நீ என்னய்யா பேச வந்துட்ட?" என்றார்.

"ஆமா, நான் அவ அண்ணன். அதனாலதான் பேசுறேன்" என்றேன்.

நான்கு பேர் என் பக்கம் கை தூக்கினார்கள். சுவர் இன்னும் நிற்கிறது. அடுத்த கூட்டம் ஈஸ்டர் முடிந்து. எழுதிக் கையெழுத்துப் போட்ட மனுவோடு போகிறேன்.