சோக்கைத் தள்ளினால் நின்றுவிடும் எஞ்சின்

லண்டனில் கராஜுக்குள் கார் விடுபவர்களை நான் கண்டதில்லை. ஹரோவில் எங்கள் தெருக் கார்கள் எல்லாம் மழையில் நனைந்துகொண்டு நிற்க, கராஜுகளுக்குள் உடைந்த கதிரைகளும் பழைய மெத்தைகளும் பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் கராஜுக்குள் கிடந்தது ஒரு ஸ்னோமொபைல். ஒரு விரல் உயரப் பனி விழுந்தாலே ரயில்கள் தடுமாறும் ஊரில், பனிமேல் ஓடுவதற்கென்றே செய்த, நாற்பது வயதைத் தாண்டிய மஞ்சள் வண்டி. அதன் தாங்கியில் பெட்ரோல் பல வருடங்களாகப் புளித்துக் கிடந்தது. கதவைத் திறந்தால் பழைய வார்னிஷும் அழுகிய பழமும் சேர்ந்தது போல ஒரு நாற்றம் வந்து தொண்டையில் உட்காரும். எனக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது.

போன இளவேனிலில் பக்கத்து வீட்டு டெரெக் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மூக்கைச் சுருக்கியபடி, "ஐட் லவ் டு சீ தி பேக் ஒஃப் இட்" என்றார். பின்பக்கத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். ஈரத் துணியால் அந்தச் சனியனின் பின்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு அவரைக் கூட்டிவந்து காட்டினேன். மனிதர் சிவந்துபோய், "வெரி நைஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது தொலைந்தால் போதும் என்பதுதான் அவர் சொன்னதன் அர்த்தம் என்று மகள் பிறகு போனில் விளங்கப்படுத்தினாள். வெட்கத்தைவிட எரிச்சல்தான் வந்தது. அதையே நானும் முப்பது வருடங்களாக விரும்பியிருந்தேனே.

லண்டனுக்கு வருமுன் நாங்கள் வடநோர்வேயில் ஒரு சிறிய மீன்பிடி ஊரில் இருந்தோம். நானும் கணவரும் மீன் தொழிற்சாலையில் வேலை. யாழ்ப்பாணத்தில் மீன் வெட்டிய பிறகு புளி போட்டுக் கைகழுவினால் வாசம் போய்விடும். அங்கே எது போட்டாலும் போகாது. தலையணையிலும் அதுதான் மணக்கும். இவர் அந்த வண்டியை ஒரு சக தொழிலாளியிடம் வாங்கினார். நான் நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஒருநாள் காலையில் இரத்தம் கண்டது. புயலில் பாதை மூடியிருந்தது. இவர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மேட்டுவெளியைக் கடந்து அடுத்த ஊர் வைத்தியரிடம் புறப்பட்டார். நடுவழியில் எஞ்சின் நின்றது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக் குமிழை இழுத்தால் பிடிக்கும். உள்ளே தள்ளினால் இருமிவிட்டு நின்றுவிடும். இழுத்தபடியே ஓடினால் பெட்ரோல் மிஞ்சி மூச்சடைக்கும். பனி அகற்றும் வண்டிக்காரன் ஒருவன் எங்களைக் கண்டு ஏற்றிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. வழியில் தாமதித்ததால் அல்ல, காலையிலேயே பிள்ளை போய்விட்டது என்று வைத்தியர் சொன்னார். நான் நம்பவில்லை. அந்த இரும்பைத்தான் வெறுத்தேன். லண்டனுக்கு வீடு மாறியபோது நல்ல சோபாவை விட்டுவிட்டு, இவர் அதைத்தான் லொறியில் ஏற்றினார். ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

டெரெக் வந்துபோன கிழமை, அந்த நோர்வே ஊரிலிருந்து பழைய வண்டிகள் சேர்க்கும் ஒருவர், இவரிடம் இது இருப்பதைக் கேள்விப்பட்டு எழுதியிருந்தார். எஞ்சின் வேலை செய்தால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வாராம். இவருக்கு இப்போது கை நடுக்கம். திருகாணி பிடிக்க முடியாது.

"நான் செய்யிறன்" என்றேன். "நீங்கள் கதிரையில இருந்து சொல்லுங்கோ."

"உமக்கு அருவருப்பெல்லே?"

"ஓம். அதுதான் செய்யிறன்."

காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் எலி கூடு கட்டி, அதற்குள்ளேயே செத்து உலர்ந்திருந்தது. தாங்கியை வடித்தபோது தேயிலைச் சாயம் போல ஒரு திரவம் வந்தது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பச்சைப் பசை, சளியைப் போல. இரண்டு முறை வெளியே போய் ஓங்காளித்தேன். கையுறையையும் மீறி நாற்றம் விரல்களில் ஏற, அன்று சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன். கிண்ணத்தைக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றி, கயிற்றை இழுத்தேன். பிடித்தது. சோக்கைத் தள்ளினேன். இருமியது. நின்றது.

அதே இருமல்.

"பைலட் ஜெட்" என்றார் இவர், என்னைப் பாராமல். "மெதுவா ஓடேக்க பெட்ரோல் வாற சின்ன ஓட்டை. அது அடைபட்டிருக்கு."

"அண்டைக்கும் இதுதானோ?"

அவர் நடுங்கும் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். "ஓம். பனிக்காலத்துக்கு முதல் கழட்டிக் கழுவியிருக்க வேணும். பஞ்சிப்பட்டு, நாளைக்குச் செய்வம் எண்டு விட்டிட்டன்."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அடுத்த நாளே கழட்டிப் பாத்தனான்."

முப்பது வருடங்கள். ஓர் இரும்பை நான் சபிக்க, பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த நேரம் அவர் மீது எனக்கு வந்த அருவருப்பு எலிக்கூட்டின் மீதுகூட வரவில்லை. அழவில்லை. ஜெட்டைக் கழற்றி, மின்வயரிலிருந்து ஒரே ஒரு செப்பு இழையை உருவி, மயிர்க்கால் அளவு ஓட்டைக்குள் விட்டுக் குத்தினேன். கறுப்பாக ஒரு துணுக்கு விழுந்தது. ஊதினேன். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது.

இந்த முறை சோக்கைத் தள்ளியும் எஞ்சின் நிற்கவில்லை. கராஜ் முழுக்க நீலப் புகை. இவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் எஞ்சினை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையை அவர் வாயருகே பிடித்தேன். மன்னித்தேனா என்று கேட்டால் தெரியாது. கோப்பையை அவரால் பிடிக்க ஏலாது, அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் வான் வந்தது. ஓட்டிவந்த நோர்வேக்காரப் பெண்ணுக்கு என் மகளின் வயதிருக்கும். வண்டியைக் கட்டி ஏற்றிவிட்டுக் கைகொடுத்தாள். நான் எதையும் யோசிக்கவில்லை. பல வருடங்களாக நாக்கில் வராத நோர்வே மொழி, அந்த வட ஊரின் இழுவையோடு அப்படியே வந்தது. கவனமாகப் போ, மேட்டுவெளியில் காற்று எழுந்தால் நின்றுவிடு, வீம்புக்கு ஓடாதே என்றேன். அவள் வியந்துபோய், எங்கள் ஊர்க்காரி மாதிரியே பேசுகிறாயே என்றாள். வான் திரும்பும்வரை கை காட்டினேன்.

டெரெக் வேலியோரம் சந்தோஷமாக நின்றார். "என்ன அழகான மொழி, அதுதான் தமிழா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம்" என்றேன்.