மூன்றாம் சுற்றில் எடுத்த பையன்

வெண்டல் க்ரோத் ஒருமுறை சீட்டு எழுதிவிட்டால் எழுதியதுதான். கூட்டுறவுத் தானியக் கிடங்கின் வாசலில் இருபத்தெட்டு வருடமாக அவருக்கு ஒரே வேலை. மக்காச்சோளம் ஏற்றி வரும் லாரிக்குள் நீளக் குழாயைச் செருகி ஐந்து இடத்தில் மாதிரி எடுப்பார். ஈரம் பார்ப்பார், உடைசல் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார். தரத்தை மஞ்சள் சீட்டில் எழுதிக் கிழித்து நீட்டுவார். "வெண்டல், இன்னொரு வாட்டி குத்திப் பாரேன்" என்று கெஞ்சாத விவசாயி அந்த வட்டாரத்தில் இல்லை. சொந்த மச்சானே ஒரு வருடம் நவம்பர் வான்கோழி விருந்துக்கு வராமல் முறைத்துக்கொண்டிருந்தார். சீட்டு மாறவில்லை.

இதே கையோடு அவர் பேஸ்பால் பையன்களையும் தரம் பிரித்தார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஐயோவாவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் பன்னிரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு லீக் நடத்தினார்கள். அதில் யாரும் ஆடுவதில்லை. பன்னிரண்டு பேரில் ஏழு பேருக்கு முட்டி போயிருந்தது. தொலைக்காட்சியில் ஆடும் நிஜ ஆட்டக்காரர்களின் பெயர்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக் காகிதத்தில் அணி வைத்துக்கொள்வார்கள். அவர்கள் அங்கே அடித்தால் இவர்களுக்கு இங்கே புள்ளி. பெரிய லீகுக்கு இன்னும் வந்து சேராத பூனைமீசைப் பையன்களிலும் ஆளுக்கு ஐந்து பேரை முன்கூட்டியே பிடித்துப் போட்டுக்கொள்ளலாம். இந்தப் பிடிப்பு வருடா வருடம் ஜூலை நடுவில், விதைச்சோளம் விற்கும் லைல் டீக்மனின் டிராக்டர் கொட்டகையில் சுற்றுச் சுற்றாக நடக்கும், சுற்றுக்கு ஆளுக்கு ஒரு பெயர்; முதல் சுற்றுக்குத்தான் மதிப்பு அதிகம். லைல்தான் லீகின் கமிஷனர். முப்பத்தொரு பக்கத்துக்குச் சட்டப்புத்தகமும் உண்டு. ஊர் நகராட்சியின் சட்டப்புத்தகம் பத்தொன்பது பக்கம்தான்.

லீக் தொடங்கிய நாளிலிருந்து வெண்டல் ஒரு வருடம்கூட ஜெயித்ததில்லை. ஐந்து இடமும் நிரம்பியிருந்தால் புதியவனை எடுக்கப் பழையவன் ஒருவனைக் கழற்றிவிட வேண்டும் என்பது சட்டம். வெண்டல் யாரையும் கழற்றமாட்டார். அவர் வைத்திருந்த ஐந்து இளம் நம்பிக்கைகளில் ஒருவர் அரிசோனாவில் தீயணைப்பு வீரராக இருந்தார். இன்னொருவர் இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பனாகி, குளியலறைகளுக்கு ஓடு பதித்துக்கொண்டிருந்தார்.

"சிலது பழுக்க நாளாகும்" என்பார் வெண்டல்.

பிள்ளைகள் இருவரும் வெளியூர் போய்விட்டதால் அவர் மனைவி மார்லிஸுக்கு வீட்டின் கீழ்த்தள அறை காலியாகக் கிடப்பது பிடிக்கவில்லை. பள்ளிச் சமையலறையில் முந்நூறு பேருக்குப் பரிமாறிப் பழகிய கை அவருடையது. ஊரில், பெரிய லீகுக்குப் பையன்களைப் பழக்கும் ஒரு சின்ன லீக் அணி இருந்தது, பெயர் ஆமைகள். வாடகைக்குச் சம்பளம் போதாத அந்தப் பையன்களைக் கோடை முடியும்வரை ஊர்க் குடும்பங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம். மார்லிஸும் பெயர் கொடுத்தார். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அகலத் தோளும் மூன்று மட்டையுமாக, புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த இருபது வயதுப் பையன் வாசலில் நின்றான்.

"நான் நோயெல் சின்ட்ரோன்" என்றான்.

வெண்டல் கையிலிருந்த காபிக் கோப்பையை வைக்க இடம் தேடினார். இரண்டு வருடத்துக்கு முன் மூன்றாம் சுற்றில் அவர் பிடித்துப் போட்டிருந்த பையன். அவருடைய ஐந்தாவது இடம். பன்றிமாமிச உருண்டை தின்ன அவர் வீட்டுக்கே வந்துவிட்டான்.

அவர் அதை வெளியே சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? அதற்குப் பதிலாகத் தரம் பார்க்க ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்த மார்லிஸ், பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை உருவினார். 'எழுந்தது 9.40. முட்டை நான்கு. படியேறும்போது முட்டியில் சத்தம் இல்லை.'

"இது என்ன வெண்டல், பையனுக்கா, இல்ல பொருட்காட்சியில நிக்கிற பன்னிக்கா?"

"சும்மா குறிச்சு வச்சேன்."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினியா?"

"பேசினா தரம் கெட்டுடும்" என்றார் வெண்டல். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொன்னார்.

மைதானத்தில் நோயெல் திணறினான். ஐந்து முறை மட்டையோடு நின்றால் ஒருமுறை அடித்தான். சில வாரங்களில் அதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் வெண்டலின் சீட்டில் விடை இருந்தது. புழுக்கம். எதிர்வெயில். நடுவரின் கண். ஜூலை பிறந்தபோது மார்லிஸுக்குப் பொறுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு மேசையில் போட்டு உடைத்தார்.

"நோயெல், ரெண்டு வருஷமா இவரோட காகித டீம்ல நீ இருக்க. சொல்ல வெக்கப்படுறாரு."

நோயெல் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "எத்தனாவது சுத்துல எடுத்தீங்க?"

"மூணாவது."

"மூணாவதா? நிஜ கிளப்பே என்னைப் பதினேழாவது சுத்துலதான் எடுத்துச்சு." சற்று நேரம் அவன் முகம் பளிச்சென்று இருந்தது. பிறகு உருண்டையை இரண்டாக வெட்டினான். "என்னைக் கழட்டி விட்டுடுங்க மிஸ்டர் க்ரோத்."

"ஏன்?"

"வளையற பந்து எனக்கு அடிக்க வராது. இனிமேலும் வராது. போன வாரம் ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்லேருந்து வந்தானே, குட்டையா, இடது கைக்காரன், வேட் பிரிம். அவன் போட்ட பந்தை நான் பாக்கவே இல்ல, சத்தம்தான் கேட்டுது. அவனை எடுங்க. உங்களுக்கு லாபம்."

வெண்டல் குறிப்பேட்டைப் புரட்டினார். பிரிம், ஐந்தடி எட்டங்குலம். பந்தில் வேகம் இல்லை. எந்தப் பத்திரிகைப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை.

"நீ ரொம்பக் கிட்டக்க நின்னு பாக்குற நோயெல். தரம் பாக்குறவன் கொஞ்சம் தள்ளி நிக்கணும்."

"நான் கிட்டக்க நிக்கல மிஸ்டர் க்ரோத். நான்தான் அது."

"அதைத்தான் சொல்றேன்."

"உருளைக்கிழங்கு யாருக்காவது வேணுமா?" என்றார் மார்லிஸ்.

பிடிப்பு நாளன்று மார்லிஸின் உருண்டைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நோயெலும் லைலின் கொட்டகைக்குப் போனான். அவித்த சோளக்கதிரும் சேறுபோல் வெண்ணெயும் ஒரு பலகையில் இருந்தன. இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே மடக்கு நாற்காலிகள்.

"வெண்டல், உன் முறை" என்றார் லைல். "யாரைக் கழட்டுற? தீயணைப்பையா, குளியலறையையா?"

"யாரையும் இல்ல."

"இந்தப் பையனையாவது விடேன். பாரு, அவனே தலையாட்டுறான்."

நோயெல் உண்மையிலேயே தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"நான் இந்தத் தடவை எடுக்கல" என்றார் வெண்டல், போன வருடமும் சொன்னதுபோல.

லைல் கதிரைக் கடித்தபடி நோயெலின் பக்கம் போனார். "நீதானப்பா நிஜமா ஆடுறவன். யாரு தேறுவான்?" என்று கேட்டார். சேர்த்துவைத்த சீட்டுகளோ குறிப்பேடோ அவரிடம் இல்லை, கேட்டார், அவ்வளவுதான். நோயெல் சொன்னான். கமிஷனர் திரும்பி வந்து தன் முறைக்கு வேட் பிரிமின் பெயரை வாசித்தபோது, வெயில் தலைக்கேறிவிட்டதா என்று பத்துப் பேர் விசாரித்தார்கள். வெண்டல் மட்டும் லைலின் தரத்தைத் தம் குறிப்பேட்டில் ஒரு படி குறைத்தார்.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி காலை அணி மேலாளர் நோயெலைக் கூப்பிட்டு நான்கு நிமிடம் பேசி, அணியிலிருந்து கழற்றிவிட்டார். பத்தரைக்கு அவன் மட்டைகளோடு வீடு திரும்பினான். மார்லிஸ் ரொட்டியில் சீஸ் வைத்து வாட்டினார். மதியம் வந்த வெண்டல் எதிரே உட்கார்ந்தார்.

"வேற கிளப் எடுத்துக்கும்."

"எடுக்காது மிஸ்டர் க்ரோத்."

"எடுத்துக்கும். என் சீட்டுல..."

"வெண்டல்," என்றார் மார்லிஸ், "அந்தச் சீட்டை உள்ள வை."

வைத்தார். ரொட்டியில் பாதி தின்றபின், "அறுவடைக்குக் கிடங்குல ஆள் வேணும். குழாய் செருகத் தோள் பலம் வேணும்" என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

நவம்பரில் தன் ஊருக்குத் திரும்பிவிடுவதாக இருந்த நோயெல், பல் மருத்துவமனை வரவேற்பறையில் கென்ட்ராவைப் பார்த்ததால் அந்தக் குளிர்காலத்தையும், அதற்கு அடுத்த மூன்று குளிர்காலங்களையும் ஐயோவாவிலேயே கழித்தான். கிடங்கில் நல்ல பெயர் எடுத்தான். இன்னொரு வாட்டி குத்திப் பார் என்றால் குத்திப் பார்ப்பான். தரம் மாறுவது அபூர்வம்தான்; ஆனால் கேட்டவர்கள் முணுமுணுக்காமல் வீடு போனார்கள். வெண்டல் இதை ஒழுக்கக் குறைவு என்று கருதினார்.

இதற்குள் வேட் பிரிம் பெரிய லீகுக்குப் போய்விட்டான். லைல் அடுத்தடுத்து இரண்டு வருடம் ஜெயித்து, தலை உடைந்த பழைய பரிசுக் கோப்பையைத் தன் கடையின் விதை மூட்டைகள்மேல் வைத்தார். வெண்டலின் பட்டியலில் ஐந்தாவது பெயரும் அப்படியே இருந்தது: நோயெல் சின்ட்ரோன், வளர்ச்சியில்.

லைல் இணையத்தில் போட்டுவைக்கும் அந்தப் பட்டியலை ஒருநாள் கென்ட்ராவின் அப்பா தன் கைபேசியில் பார்த்து, நிஜம் என்று நம்பிவிட்டார். கல்யாணத்துக்கு மூன்று மாதம்தான் இருந்தது. "என்னப்பா, மறுபடியும் மட்டையைத் தூக்கிட்டு ஊர் ஊராப் போகப் போறியா? என் பொண்ணு கதி என்ன?" என்றார். பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி நோயெல் வெண்டலிடம் மூன்று முறை கேட்டுப் பார்த்தான். "பாக்கலாம்" என்றார் வெண்டல் மூன்று முறையும். அந்த வருடம் லைலின் தம்பி ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனார். லீகில் ஒரு நாற்காலி காலியானது. நோயெல் அதில் போய் உட்கார்ந்தான்.

அதே கொட்டகை, அதே வெண்ணெய். முதல் இரண்டு சுற்றிலும் வெண்டல் எடுக்கவில்லை. மூன்றாம் சுற்றில் நோயெலின் முறை வந்தது. அவன் எழுந்து நின்றான்.

"எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வியாபாரம். மிஸ்டர் க்ரோத், உங்ககிட்டேருந்து ஒரு ஆள் வேணும்."

"யாரு?"

"நோயெல் சின்ட்ரோன்."

கொட்டகையில் கதிர் கடிக்கும் சத்தம் நின்றது. வெண்டல் குறிப்பேட்டைத் திறந்தார். "நல்ல தோள். இருபத்தஞ்சுகூட ஆகல. சும்மா குடுக்க முடியாது. உன்னோட அடுத்த வருஷ முதல் சுத்து முறையைக் குடு."

"குடுத்தேன்."

"இரு இரு" என்றார் லைல். "இருபத்திரண்டாம் பக்கம். புதுசா வந்தவனை ஏமாத்துற வியாபாரத்தை ஓட்டுப் போட்டுத் தடுக்கலாம்."

ஆகவே நோயெல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, அவன் எவ்வளவு பெறுவான் என்று பத்துப் பேர் விவாதித்தார்கள். வளையற பந்து வராது என்றார் ஒருவர். ஓட்டமும் சுமார்தான் என்றார் இன்னொருவர். ஆள் தங்கம், அது வேற விஷயம் என்றார் மூன்றாமவர். பத்து கையும் உயர்ந்தது. வியாபாரம் செல்லாது.

வெண்டலின் கழுத்து சிவந்தது. அது தன் சீட்டுக்கு எதிராக விழுந்த ஓட்டு என்று அவருக்குத் தெரியும். சாப்பாட்டுப் பலகையருகே உருண்டை பரிமாறிக்கொண்டிருந்த மார்லிஸின் குரல் வந்தது, மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி.

"வெண்டல், இன்னொரு வாட்டி குத்திப் பாரேன்."

சோளம் கொண்டுவந்து அவரிடம் கெஞ்சாதவர் அங்கே இரண்டு பேர்தான். மற்றவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வெண்டல் குறிப்பேட்டைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பையனைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"நாலாவது சுத்து" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு தரம் இறங்கி வந்ததை அந்த ஊர் அன்றுதான் கேட்டது.

"நாலாவதா?" நோயெலுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை மூணாவதுல எடுத்தீங்க. மூணுக்குக் குறைஞ்சா நான் வாங்க மாட்டேன். இந்தச் சுத்தை வச்சுக்கங்க."

ஓட்டுப் போட யாரும் கை தூக்கவில்லை. நோயெல் தன் பெயரைத் தானே வாங்கி, லைலின் பேனாவால் ஒரே கோடாக அடித்தான். மேலாளருக்கு நான்கு நிமிடம் பிடித்த வேலை.

இப்போது முறை வெண்டலுடையது. கையில் ஒரு சுற்று, பட்டியலில் ஒரு காலியிடம். குறிப்பேட்டில் நாற்பத்தொரு சீட்டு. ஐந்தாறைப் புரட்டினார். பிறகு மூடினார்.

"நோயெல், யாரை எடுக்கலாம்?"

"இப்பவா கேக்குற?" என்றார் லைல். "நாலு வருஷம் உன் பக்கத்துலயே குழாயோட நின்னான், கேக்கல. இப்ப அவன் உனக்குப் போட்டிடா. பொய்தான் சொல்லுவான்."

நோயெல் முன்னால் கிடந்த தன் காகிதத்தைப் பார்த்தான். மதிய இடைவேளைகளில் கிடங்குச் சாவடியில் உட்கார்ந்து கைபேசியில் பையன்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து அவன் எழுதியது.

"ரூபன் ஹேல். ஐடஹோ பையன். பாக்க ஒண்ணுமில்ல. ஆனா பந்து வளையறதுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சிடுது."

ஹேலுக்குக் குறிப்பேட்டில் சீட்டு இல்லை. லைல் 'சொன்னேனே' என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டினார். வெண்டல் சட்டைப் பையிலிருந்து புது மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்து, பெயரை எழுதி, கிழித்து லைலிடம் நீட்டினார்.

எதிர் நாற்காலியில் நோயெல், நான்காம் சுற்றுக்கென்று தன் காகிதத்தின் தலையில் எழுதியிருந்த அதே பெயரை அடித்துவிட்டு, வேறு ஆள் தேட ஆரம்பித்தான்.

அந்த வருடம் வெண்டல் ஒன்பதாவதாக வந்தார். ஹேல் இன்னும் பெரிய லீகுக்குப் போகவில்லை. போவான் என்கிறார் வெண்டல். நோயெலும் அதையே சொல்வதால் யாரும் சிரிப்பதில்லை. அரிசோனாவின் தீயணைப்பு வீரருக்கு இந்த மார்ச்சில் பதவி உயர்வு வந்தது. அவர் இன்னும் பட்டியலில் இருக்கிறார்.