பொலிவியாக்காரர் வீட்டுக்குப் போன மடு மாதா

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு மொன்ட்ரியாலில் எங்கள் சென்ட் லோரன்ட் வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் மனைவி றீற்றாவும் மகளும் புறப்பட்டோம். போகிற இடம் மொன்ட்ரியால்-நோர். பன்னிரண்டு கிலோமீற்றர்கூட வராது. மகள் விரும்பும் பெடியன் தானியேல் பொலிவியா நாட்டவன், தாயில்லாத பிள்ளை. தகப்பன் ஓம் என்றால்தான் கலியாணம் என்று சொல்லிவிட்டான். அந்த மனிதரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறோம். நவநாள் செபத்தை முடித்துவிட்டுத்தான் படியிறங்கினோம்.

கோட்-வேர்து மெற்றோ வாசலில் 121ஆம் பஸ். ஆளுக்கு மூன்று டொலர் எழுபத்தைந்து சதம். இரண்டு மணி நேரத்துக்கு அதே ரிக்கெற். என் கையிலிருந்த பையைப் பார்த்த சாரதி, கேக்கா என்று பிரெஞ்சில் கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். சோவே மெற்றோவடியில் இறங்கி, மெற்றோவில் ஒரு தரிப்புப் போய், கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினோம்.

ஒன்று இருபதுக்கு மகள் கேட்டாள்.

“பைக்குள்ள என்னம்மா?”

“மடு மாதா சுரூபம். முதன்முதல் போற வீட்டுக்கு வெறுங்கையோடையே போறது?”

மகளின் முகம் வெளிறிப் போனது. “அம்மா, அவையள் புரட்டஸ்தாந்து ஆக்கள். சுரூபம் வைக்கமாட்டினம்.”

“வேதக்காரர் எண்டெல்லோ சொன்னனீ.”

அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள். வேதக்காரர் என்றால் எங்களுக்குக் கத்தோலிக்கர்தான். தென்னமெரிக்கா என்றதும், பாப்பரசரே அந்தப் பக்கத்தால் வந்தவர்தானே, எல்லாரும் எங்கட ஆக்கள் என்று நாங்களாகவே முடிவுகட்டிவிட்டோம். பஸ் தரிப்பில் வைத்துவிட்டுப் போவோமா என்று மகள் கேட்டாள். மன்னார் மடுக் கோயிலிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த மாதாவைப் பனிக்குள் விடுவதா என்று றீற்றாவுக்குக் கண் கலங்கியது. திரும்பிப் போகவும் நேரமில்லை.

இரண்டு மணிக்கு மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினோம். தானியேல் “வணக்கம் மாமா” என்றான், மகள் பழக்கியிருக்கிறாள். பையைச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். றீற்றா அதற்கு முன்னால் தன் கோட்டைத் தொங்கவிட்டு மறைத்தாள்.

தகப்பன் பெயர் இலாரியோ. துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை. சுவரில் படமோ சிலுவையோ இல்லை. மேசையில் விரித்த வேதாகமம் மட்டும். அவர் பிரெஞ்சில் கதைக்க, மகள் தமிழில் சொன்னாள்.

அவருடைய பாட்டன் பொலிவியாவில் ஏரிக்கரைப் பண்ணையொன்றில் அடிமைக் குடியானவராம். கனடாவிலிருந்து போன பாப்டிஸ்ட் மிஷனரிமார் அந்தப் பண்ணையை வாங்கியபோது, நிலத்தோடு ஆட்களும் சேர்ந்தே கைமாறினார்களாம். மிஷனரிமார் பள்ளிக்கூடம் கட்டினார்கள். பின்னால் நிலத்தை அந்தக் குடிகளுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். முன்பு ஒரு காலத்தில் கத்தோலிக்கம் தவிர வேறு ஆராதனையை வெளியில் நடத்த அந்த நாட்டுச் சட்டமே விடவில்லை. சட்டம் மாறியும் சனம் மாறவில்லை. ஒரு திருநாள் அன்று, சுரூபம் சுமந்து வந்த ஊர்வலம் இவர்களுடைய ஓலைக்கூரைக் கோயிலடியில் நின்றது. கல் பறந்தது. இலாரியோவின் தகப்பனுக்கு ஒரு கண் போய்விட்டது. எறிந்தவர்கள் அயல்வீட்டார்.

“நீங்கள் கத்தோலிக்கர் எண்டு தானியேல் சொன்னவன். அதாலைதான் சொல்லுறன்,” என்றார் இலாரியோ.

றீற்றாவின் கண் வாசலுக்கே போய்ப் போய் வந்தது. சூப் வந்தது. கரண்டியை எடுத்தேன், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. யேசு பிடிபட்ட இரவில் சீடர் இராயப்பர் நெருப்புக் காய்ந்துகொண்டு ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னது நினைவுக்கு வந்தது. எழும்பினேன். மகள் வேண்டாம் என்று தலையசைத்தாள். பையை எடுத்துவந்து, சுற்றியிருந்த துவாயை அவிழ்த்து, மாதாவை மேசையில் வைத்தேன்.

“ஐயா, உங்கட தகப்பனுக்குச் செய்தது பாவம். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன். ஆனா இந்த அம்மா எங்கட நாட்டுச் சண்டைக்குள்ள எங்களோடை சேர்ந்து இடம்பெயர்ந்தவ. இவவை வாசல்ல ஒளிச்சு வைச்சுப்போட்டு உங்கட சாப்பாட்டைச் சாப்பிட எனக்கு ஏலாது.”

மகள் மொழிபெயர்த்து முடித்தாள். இலாரியோ எழுந்து அறைக்குள் போய்விட்டார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். றீற்றா என் கையைப் பிடித்தாள்.

சிவப்பும் பச்சையும் கோடு போட்ட கம்பளித் துணி ஒன்றோடு வந்தார். அவருடைய தாய் அவரை முதுகில் கட்டிச் சுமந்த துணியாம். சப்பாத்துப் பனியில் நனைந்திருந்த துவாயை ஒதுக்கிவிட்டு, தன் கையாலேயே சுரூபத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

“இந்த வீட்டிலை இதுக்கு இடமில்லை எண்டு சொல்லுறார்,” என்ற மகள் மிச்சத்தையும் கேட்டுச் சொன்னாள். “பிள்ளையள் ரெண்டு பேரும் எடுக்கிற வீட்டிலை எங்கை வைக்கிறதெண்டு அவையளே பாக்கட்டுமாம்.”

சொல்லிவிட்டு அழுதாள். சூப் ஆறிப்போயிருந்தது. எல்லாரும் குடித்தோம்.

நாலரைக்கு மாதாவையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டோம். பஸ்ஸில் எனக்கு மன்னார்தான் ஞாபகம் வந்தது. என் தங்கச்சி புரட்டஸ்தாந்து மிசன் சபைப் பெடியன் ஒருவனை விரும்பியபோது, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போய் அவன் வீட்டு வாசல் படலையில் நின்று தடுத்தவன் நான்தான். கல் எறியவில்லை, அவ்வளவுதான். அவள் இன்றைக்கும் தனியாகத்தான் இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து, ஏழு மணிச் செபமாலைக்குத் துணியை அவிழ்க்கவா என்று றீற்றாவைக் கேட்டேன்.

“வேண்டாம். அது பிள்ளையளின்ர. அவையள் அவிழ்க்கட்டும்.”

முடிச்சுப் போட்டபடி இருந்த அந்தத் துணிக்கு முன்னால் முழந்தாளிட்டோம். முதல் மணியைத் தங்கச்சிக்காகச் சொன்னேன்.